கிணற்றடிப் பாடம்

விடுமுறையில் எம் மக்கள் மூவர்க்கும் வீட்டிலேயே புவியியல் கற்பிக்க எண்ணினோம். எட்டாம் வகுப்பு மாணவியான மூத்தவள், மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என ஒப்பித்தாள். கடைக்குட்டியோ, "அப்பா, யாழ்ப்பாணத்து ஆறு எங்கே?" என்றான். பல்லாண்டு கற்பித்த எம்மையும் அவ்வினா தைத்தது.

மூவரையும் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றோம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. மழைநீரே சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அளவின்றி இறைப்பின் உவர் மேலேறும் என விளக்கினோம். சின்னவன் முடிச்சிட்ட கயிற்றை இறக்குவது, நடுவிலான் நீர்மட்டம் அளப்பது, மூத்தவள் வாரந்தோறும் வரைபு கீறுவது என ஏற்பாடாயிற்று.

"அயல்வீட்டுக் கிணறு உவர்த்ததும் இதனாற்றானோ?" என்றாள் மூத்தவள். அவ்வாறே இருத்தல் கூடும் என்றோம்.

அன்று மாலை, வாழைக்கு நெடுநேரம் நீரிறைத்த பொறியை நாம் சொல்லாமலே அவள் நிறுத்தினாள். அப்பொறியை ஓடவிட்டவர் நாமே!