மூழ்கிய கல்வரிசைகள்

மினசோட்டா மாநிலத்தின் வாபஷா ஊர்ப் படகுத்துறையில் நின்று பார்த்தால் மிசிசிப்பி ஆறு அகன்று, அவசரமில்லாமல், ஒரே மட்டமாகக் கிடக்கிறது. எதிர்க்கரை விஸ்கான்சின் மாநிலம். நடுவாற்றில் தானியம் ஏற்றிய சரக்குப் படகுத்தொடர் ஒன்று ஊர்ந்து போகிறது. இந்த அமைதியான தண்ணீருக்கு அடியில், கரையிலிருந்து நடுவாற்றை நோக்கி நீளும் கல்வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கிக் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை விங் டேம் என்கிறார்கள். கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் இங்கே தூண்டிலோடு வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கற்களைத் தேடித்தான் வருகிறார்கள். கற்களின் காலடியில் வால்ஐ மீன் படுத்திருக்கும்.

வால்ஐ 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீன். பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. பித்தளை நிற உடம்பு, கூரிய பற்கள், வாலின் கீழ்முனையில் ஒரு வெள்ளைத் தீற்றல். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் மங்கல் வெளிச்சத்திலும் கலங்கல் தண்ணீரிலும் இரையைவிட இதற்குக் கண் நன்றாகத் தெரியும். விடிகாலையிலும் அந்தி சாயும்போதும் அது வேட்டைக்குக் கிளம்புவது இதனால்தான். சதை வெள்ளையாக, முள் குறைவாக இருக்கும். வறுத்துச் சாப்பிட ஏற்ற மீன் என்பதில் இங்கே இரண்டு கருத்து கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் நான் போய்ச் சேர்ந்த படகுக்காரர் எழுபதை நெருங்குபவர். இளமையில் இழுவைக் கப்பலில் கயிறு பிடிக்கும் வேலை பார்த்தவர். இப்போது தூண்டில் போட வருபவர்களை அழைத்துப்போகும் வழிகாட்டி. ஆற்றில் கூலிக்கு ஆள் ஏற்ற வேண்டுமென்றால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் ஆறு பேர்வரைதான் ஏற்றலாம். அவர் இரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. “மூணாவது ஆள் வந்தா தூண்டில் நரம்பு சிக்கெடுக்கவே நேரம் சரியாப் போயிடும்” என்றார்.

விங் டேம்கள் மீனுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆறு மணல்திட்டுகளால் நிறைந்து, கோடையில் நீராவிக் கப்பல்கள் தரைதட்டி நிற்கும் நிலையில் இருந்தது. 1878-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாலரை அடி ஆழமுள்ள கப்பல் பாதைக்கு ஒப்புதல் தந்தது. ராணுவப் பொறியாளர் படை கண்ட வழி எளிமையானது. இரு கரைகளிலிருந்தும் கல்வரிசைகளை ஆற்றுக்குள் நீட்டிவிட்டால் தண்ணீர் நடுவே ஒடுங்கும், ஒடுங்கினால் வேகம் கூடும், வேகம் கூடினால் ஆறு தன் அடிமணலைத் தானே அரித்துக்கொண்டு போகும். தீவுகளிலும் கரையோரங்களிலும் வளர்ந்த வில்லோ மிலாறுகளை வெட்டிக் கட்டுகளாக்கிப் பாய்போலப் பரப்பி, மேலே கல்லைக் கொட்டி மூழ்கடித்தார்கள். அதன்மேல் மறுபடி மிலாறு, மறுபடி கல். வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்ப நம் ஆறுகளில் தழையும் மணலும் கொண்டு போடும் கொரம்பைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை சட்டென்று பிடிபடும். கொரம்பு ஒரு வெள்ளத்துக்குத் தாங்காது. இவை நூறு ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. காற்றுப் படாமல் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் மிலாறு எளிதில் மக்குவதில்லை.

பொறியாளர் படையில் வரைவாளராக இருந்த ஹென்றி பாஸ் என்பவர் 1883 முதல் 1893 வரை இந்த ஆற்றை நீலநிறப் படங்களாக எடுத்து வைத்தார். 1891-இல் எடுத்த ஒரு படம், தண்ணீர் வற்றிய நேரத்தில் கல்லும் மிலாறும் கொண்டு அணை போடும் வேலையைக் காட்டுகிறது. படம் எடுத்தவரின் பெயர் நின்றுவிட்டது. மிலாறு கட்டியவர்கள், கல் சுமந்தவர்கள் யார் யார் என்று படத்தில் குறிப்பில்லை. என் படகுக்காரரின் பிழைப்பு இன்று அவர்கள் போட்ட கல்லின் மேல்தான் நடக்கிறது.

கப்பல் பாதையின் ஆழம் 1907-இல் ஆறு அடியானது, 1930-இல் ஒன்பது அடியானது. ஒன்பதடிக்குக் கல்வரிசை போதவில்லை. குறுக்கே மதகணைகளும் கப்பல் ஏற்றி இறக்கும் லாக்குகளும் கட்டினார்கள். வாபஷாவுக்குக் கீழே அல்மா என்ற ஊரில் உள்ள நான்காம் அணை 1935-இல் முடிந்தது. தண்ணீர் மட்டம் உயர்ந்தது, கல்வரிசைகள் முழுகின. கப்பலுக்காகப் போட்ட கல் அன்றிலிருந்து மீனின் வீடு.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கல்லைக் கண்டுபிடிப்பதுதான் புதிதாக வருபவர் கற்க வேண்டிய முதல் வேலை. பொறியாளர் படையின் நீர்வழி வரைபடத்தில் ஒவ்வொரு விங் டேமும் கரையிலிருந்து நீளும் ஒரு கோடு. படகின் முன்னால் சோனார் திரையும் உண்டு. படகுக்காரர் முதல் ஒரு மணி நேரம் இரண்டையும் பார்க்க விடவில்லை. “தண்ணியப் பாருங்க” என்றார். சற்று நேரத்தில் தெரிந்தது: காற்று எழுப்பும் சிற்றலைகள் நகர்ந்துகொண்டே போகின்றன, ஒரு கோடு மட்டும் நகராமல் ஒரே இடத்தில் நெளிந்துகொண்டிருக்கிறது. கல்லின்மேல் ஏறும் தண்ணீர் மேற்பரப்புக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டம் அதைக் கீழே தள்ளிவிடும். ஆகவே நெளிவு தெரியும் இடத்தில் கல் இருக்காது. அதற்குச் சற்று மேலே, ஓட்டம் வரும் திசையில் இருக்கும். நெளிவின்மேல் நங்கூரம் போடுபவர் அணையைத் தாண்டி வந்துவிட்டார் என்று பொருள்.

பிறகு சோனாரைப் போட்டு, கரைக்கு இணையாக மெல்ல ஓட்டிக் காட்டினார். மேல்புறம் 12 அடி ஆழம். திடீரென்று சரிவு எழும்பி 5 அடி. தாண்டியதும் 14 அடியில் ஒரு மடு, வழிந்து விழும் தண்ணீர் தோண்டியது. வேகமாக வரும் விசைப்படகின் கீழ்ப்பாகத்தை உடைத்துப்போட இந்த 5 அடி உச்சி தண்ணீர் குறையும் நாட்களில் காத்திருக்கும். பழகாதவர்கள் மிதவைக் குறிகளுக்கு உள்ளே, கப்பல் பாதையிலேயே போவது நல்லது.

மீன் மடுவில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேயும் இருக்கும், ஆனால் வயிறு நிறைந்து ஓய்வெடுக்கும் மீன். பசித்த மீன் அணையின் முகப்பில், ஓட்டம் வந்து மோதும் பக்கத்தில், காலடியில் கிடக்கும். கல்லில் மோதும் தண்ணீரில் ஒரு பங்கு மேலேறித் தாண்டுகிறது, ஒரு பங்கு கீழிறங்கிச் சுருள்கிறது. அந்தச் சுருளுக்குள் ஓட்டம் தணிந்திருக்கும். வால்ஐ அங்கே எதிரோட்டத்துக்கு முகம் காட்டி, அதிகம் நீந்தாமலே நின்று, ஆறு கொண்டுவரும் சிறு மீனைக் கவ்வும். ஓட்டம் குறைந்த நாட்களில் அணையின் நுனிக்கு நகரும், ஏனென்றால் அங்கேதான் ஓட்டம் மிச்சமிருக்கும். வெள்ளம் ஏறினால் இடத்தையே விட்டுக் கரையோரத்தில் ஓட்டம் தணிந்த நீருக்குப் போய்விடும்.

இரைக்கடை ஊருக்குள் இருக்கிறது. நடத்தும் அம்மாள் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தலையாக்கி, மான்வால் முடியை நூலால் சுற்றி ஜிக் என்ற போலி இரையைக் கட்டுகிறார். சிறு இடுக்கியில் முள்ளைப் பிடித்து, ஒரு சிட்டிகை முடியை வைத்து, நூலை நாலைந்து சுற்று இறுக்கினால் முடி தானாகவே விரிந்து தலையைச் சுற்றி நிற்கிறது. முடி அதிகமானால் ஓட்டம் ஜிக்கைத் தூக்கிவிடும், குறைந்தால் தண்ணீரில் உயிர் தெரியாது என்றார். தொட்டியில் விரல் நீளத்துக்குக் கறுப்பு மீன்கள் நெளிந்தன. வில்லோ கேட் என்று பெயர், சிறிய கெளுத்தி வகைகளில் ஒன்று, துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. கொட்டினால் குளவி கொட்டியதுபோல் கடுக்கும். கோடை முடியும் நாட்களில் வால்ஐக்கு இதைவிட நல்ல இரை இல்லை என்பது இந்த ஆற்றங்கரையின் நம்பிக்கை. அம்மாள் கையால் தொடாமல் சிறு வலையால் அள்ளித் தந்தார்.

படகுக்காரர் கட்டிய தொகுப்பு எளிமையானது. மூன்று காதுள்ள வளையம். ஒன்றில் பிரதான நரம்பு, ஒன்றில் முள்ளும் இரையும், மூன்றாவதில் 2 அவுன்ஸ் ஈயக்குண்டு. ஈயத்துக்கு மட்டும் மெல்லிய நரம்பு. கல்லிடுக்கில் ஈயம் மாட்டினால் அது மட்டும் அறுந்துபோகும், முள் திரும்பி வரும். அணைக்கு மேலே படகை நிறுத்தினார். செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் மின்மோட்டார் முன்னால் முனகிக்கொண்டிருந்தது. ஈயத்தைத் தரையில் வைத்து, தூக்கி, ஓட்டத்தோடு ஓரடி பின்னால் விட்டு, மறுபடி வைக்கச் சொன்னார். மணலில் ஈயம் வழுக்கிக்கொண்டு போகும். கல்லைத் தொட்டதும் கோல் வழியாக உள்ளங்கைக்கு ஒரு சொடுக்கு வருகிறது. முதல் கல் தட்டிய இடம்தான் காலடி. அதற்குமேல் விடக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

வால்ஐ வெடுக்கென்று இழுப்பதில்லை. நரம்பு கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். “இப்ப” என்றார் அவர். மேலே வந்தது 17 அங்குலம். 15 அங்குலத்துக்குக் குறைந்ததை இந்த எல்லை நீரில் விட்டுவிட வேண்டும். இது தேறியது.

சற்று மேலே ரீட்ஸ் லேண்டிங் அருகே சிப்பெவா ஆறு வந்து கலக்கிறது. அது கொட்டிய மணல்தான் மிசிசிப்பியைத் தடுத்துப் பெபின் ஏரியை உண்டாக்கியது. ஏரியில் வண்டல் படிந்துவிடுவதால் இங்கே தண்ணீர் தெளிவு. ஆனால் சிப்பெவாவின் மணல் நிற்கவில்லை. பல விங் டேம்களை அது மூடிவிட்டது. வரைபடத்தில் கோடு இருக்கும், ஆற்றில் கல் இருக்காது. படகுக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் எந்த அணை எந்த நீர்மட்டத்தில் மீன் தரும், எது மணலில் புதைந்தது என்று ஆண்டுவாரியாக எழுதியிருக்கிறார்.

புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்யலாம் என்று கேட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அணையைத் தேர்ந்துகொண்டு, ஒரு கோடை முழுக்க, தண்ணீர் ஏறும்போதும் இறங்கும்போதும் அதிலேயே தூண்டில் போட வேண்டும் என்றார். பத்து அணையில் அணைக்கு அரைமணி நேரம் போட்டால் பத்துமே புரியாது. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் வாடிக்கையாளர்கள் குறையமாட்டார்களா என்றதற்கு அவர் சிரித்தார். ஓர் அணையை உண்மையாகப் படித்தவர்தான் அடுத்த அணையைக் கேட்டுப் போன் செய்கிறாராம்.