எரிமலைச் சுவரின் ஓரமாய்

இந்து மகாசமுத்திரத்து ரெயூனியன் தீவின் தலைநகரான சான் தெனியிலிருந்து மேற்கே லா பொசெஸ்யோன் என்னும் ஊர் சுமார் 12 கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும், ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய அக்கினிக் குழம்பு உறைந்து, பிற்காலத்தில் கடலால் அறுக்கப்பட்டுச் செங்குத்தாய் நிற்கும் பாறைச் சுவரை ஒட்டியே போக வேண்டியிருந்ததால், இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் இத்தனை முறை இடம் மாறிய பாதை வேறெங்கும் உண்டோ என்று எனக்கு ஐயம்.

நகரத்தை விட்டு நீங்கியதுமே இடப்புறம் மலை எழும்புகிறது. 3,070 மீட்டர் உயர்ந்து நிற்கும் பித்தோன் தே நேஜ் எரிமலையின் மிகப் புராதனமான பகுதி இது. கருங்கல் ஒரு வரி, அதன் அடியில் செம்பழுப்பு நிறமான கசடு ஒரு வரி என்று உச்சிவரை அடுக்கடுக்காய்த் தெரிவதன் காரணம் வெளிப்படை: ஓடிவந்த குழம்பின் மேற்புறமும் அடிப்புறமும் சீக்கிரம் குளிர்ந்து நொறுங்கிக் கசடாயின, நடுப்பகுதி மெல்ல ஆறி வைரம் பாய்ந்தது. இவ்வடுக்குகளை ஊடறுத்து நெட்டுக்குத்தாய் ஏறும் கற்பட்டைகளோ, பின்வந்த குழம்பு வெடிப்புகளில் புகுந்து அங்கேயே உறைந்தவை. இடிவுக்கெல்லாம் கடலையே குற்றஞ்சொல்வது நியாயமாகாது. பிற்காலத்தில் அடிவாரத்தில் போட்ட சாலையின் அணைகல் அலையைத் தடுத்த பின்னும் மலை சரிந்ததே! மழைநீர் கசட்டை அரிக்க, ஆதாரமிழந்த கருங்கல் துருத்தி நின்று, தன் வெடிப்புகளின் வழியே பிளந்து விழுகிறது.

இந்தச் சுவருக்கு அஞ்சி, பதினெட்டாம் நூற்றாண்டில் மலைமேல் கல் பாவி நடந்தார்கள். 1882-இல் மலையைக் குடைந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சுரங்கவழியில் ரயில் விட்டார்கள். 1963-இல் துணிந்து அடிவாரத்திலேயே சாலை போட்டு, 1976-இல் நான்கு தடங்களாக அகலப்படுத்தினார்கள். இரும்பு வலைகளைப் போர்த்தியும், பெருமழை நாட்களில் மலைப்பக்கத்துத் தடங்களை மூடியும் காத்துவந்தும், 2006 மார்ச் 24-இல் சரிந்த பாறைகள் இருவர் உயிரைக் குடித்தன.

பாதிவழியில் கிராந்த் ஷாலூப் என்னும் பள்ளத்தாக்கு சுவரைப் பிளந்து கடலுக்குத் திறக்கிறது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர், நோய் பரவாதபடி தடுத்து வைக்கப்பட்ட கட்டடங்கள் இங்கே உள்ளன. கரும்புத் தோட்டத்தைக் காணுமுன் அவர்கள் கண்டது இந்தக் கரும்பாறைகளைத்தான் என்றெண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. சான் தெனியிலிருந்து இவ்விடம்வரை, 2022-இல் திறக்கப்பட்ட 5.4 கிலோமீட்டர்ப் பாலம் கரையை விட்டு விலகிக் கடலுக்குள்ளேயே ஓடுகிறது.

லா பொசெஸ்யோனை நெருங்குகையில் சுவர் தாழ்ந்து முடிய, அப்பால் கலே ஆறு உள்மலைகளிலிருந்து உருட்டிக் கொணர்ந்த கூழாங்கற்களால் ஆன சமவெளி விரிகிறது. வலையும் தடுப்பும் வேண்டாத அந்தச் சமநிலத்தில் சாலை துறைமுகத்தை நோக்கித் திரும்புகிறது.