மணலோடு மணலாய் ஒரு முட்டை

வயல், வாய்க்கால், மாடு, கன்னு என்று எழுதிக்கொண்டிருக்கிறவன், இன்றைக்கு ஒரு ஓவிய வகுப்பைப் பற்றி எழுதப்போகிறேன்.

எங்க ஊர் வேதாரண்யம் பக்கம். தெற்கே போனால் உப்பளம், அதைத் தாண்டினால் கோடியக்கரை. 1967-லேயே சரணாலயம் ஆன இடம். குளிர்காலத்தில் பூநாரை பார்க்க எங்கிருந்தெல்லாமோ கேமராவோடு வருவாங்க. ஆனா, வெயில் காலத்தில் குஞ்சு பொரிக்கிற சின்ன ஆலாவை அவ்வளவாக யாரும் கண்டுக்கிறதில்லை.

மைனா அளவுதான் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, மஞ்சள் அலகு, அதன் நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, பொத்தென்று விழுந்து மீனோடு எழும்பும். கூடு கட்டாது. வெறும் தரையில் லேசாகக் குழி பறித்து இரண்டு மூன்று முட்டை இடும். அவ்வளவுதான் அதன் வீடு.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் கூப்பிட்டாங்க. "ஆலா முட்டை பார்த்த ஆள் நீங்க. பிள்ளைங்களுக்கு எப்படி இருக்கும்னு சொல்லுங்க சார்" என்றார். பார்த்தது மட்டுமா? சின்ன வயசில் டவுசர் பை நிறையப் பொறுக்கியவன் நான். அதை அங்கே சொல்லவில்லை.

டீச்சர் ஒரு வேலை கொடுத்தாங்க. அட்டையில் பசை தடவி மணலைத் தூவணும். காய்ந்ததும் அதன் மேல் முட்டை வரையணும். நாலடி தள்ளி நிற்கிற கூட்டாளிக்கு அது தெரியக்கூடாது. நான் சொல்லச் சொல்ல, பிள்ளைங்க மணல் நிறம் கலந்து, பழுப்புப் புள்ளி வைத்தாங்க. ஒருத்தன் வரைந்ததை அவனே தேடினான். வகுப்பே சிரித்தது.

அப்போ ஒரு பையன் கேட்டான், "இப்படி இருந்தா, மிதிச்சாக்கூடத் தெரியாதுல்ல மாமா?"

யாரும் பேசவில்லை.

அஞ்சாவது படிக்கிற என் மகளும் அங்கேதான் இருந்தாள். அவள் அட்டையில் முட்டையோடு ஒரு கறுப்பு நாயும் இருந்தது. "இது யாரும்மா?" என்றேன்.

"நம்ம மணிதான்ப்பா. நீ வாய்க்கால்ல மடை பாக்குறப்போ அது மணல் திட்டுக்குத்தானே ஓடும்?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தினமும் பின்னாடியே வருகிற நாய். எங்கே போகுது, எதை நக்கிட்டு வருதுன்னு ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து மணியைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் போகிறேன். முட்டை பொரிய மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னொரு மூன்று வாரம். நாய் ஊளையிடுது. ஊரில் மற்ற நாய்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கு. அதற்கு என்னிடம் வழியில்லை. அந்த அட்டையை மட்டும் மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீங்களும் கோடைக்கு இந்தப் பக்கம் வந்தால் ஒரே ஒரு உதவி செய்யுங்க. தலைக்கு மேலே சின்ன வெள்ளைப் பறவை கத்திக்கொண்டு வட்டமிட்டால், போட்டோ எடுக்க நிற்காதீங்க. அது அடையை விட்டு எழுந்து வந்திருக்கும். அந்த வெயிலில் முட்டை வெந்துபோகும். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிடுங்க.