ரோஜா என்கிற ரோதிலார்

பூனைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் பால், மீன், எலி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பட்டியலே வேறாக இருக்கும். ஒரு வீட்டுப் பூனை வெள்ளரிப் பிஞ்சு தின்னும். இன்னொரு வீட்டில் முறுக்கு உடைக்கும் சத்தம் கேட்டால் ஓடி வரும்.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். பெரியது சாம்பல் நிறக் கடுவன். நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதைகளில் எலிகளை நடுங்க வைக்கும் பூனையின் பெயர் ரோதிலார். அதையே இதற்கும் வைத்தேன். என் மனைவியின் வாயில் அது நுழையவில்லை. "ரோஜா" என்று கூப்பிட்டாள். அந்த முரட்டுக் கடுவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கும். சின்னது பெட்டை. மணிமுத்தாற்றங்கரையில் கிடைத்ததால் முத்து.

ரோஜாவுக்குத் தேங்காய்த் துருவல் என்றால் உயிர். அவித்த சோளமும் தின்பான். முத்துவுக்குப் பால் பாயசம். பாயசக் கிண்ணத்தை நக்குகிற பூனையைப் பார்த்து, "பாருங்க, இதுக்கும் இனிப்பு பிடிக்குது" என்பாள் என் மனைவி. ஆனால் பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தார் கண்டறிந்தார்கள். புலிக்கும் சிறுத்தைக்கும்கூட அப்படித்தான். முத்து நக்குவது பாலில் உள்ள கொழுப்புக்காக. அதிலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனைக்குத் தன்னை ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர். அந்தப் பூனை கடலைக் குடித்திருந்தால் வயிறு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றும் எங்கள் வீட்டில் நடந்தது.

நான் புதுச்சேரிக்காரன், மீன் தின்று வளர்ந்தவன். மனைவி பிறந்தது இதே விருத்தாசலத்தில், சைவக் குடும்பத்தில். திருமணமான நாளிலிருந்து எங்கள் அடுப்பில் மீன் ஏறியதில்லை. எனக்கும் பழகிவிட்டது. ஓய்வு பெற்று இந்த ஊருக்கே வந்துவிட்டோம். ரோஜா குட்டியாக வந்து சேர்ந்த வாரம் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என்ன கொடுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். தயிர்ச்சோறு கொடுக்கப் போகிறோம் என்றாள் இவள். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்க சைவமா இருக்கலாம். பூனையால இருக்க முடியாது" என்றார்.

காரணமும் சொன்னார். டாரின் என்றொரு சத்து. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனை உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். விலை கொடுத்து வாங்கிய டப்பா உணவைத் தின்ற பூனைகளே இப்படிச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் டாரின் குறைவுதான் என்று 1987-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் அதை அதிகமாகச் சேர்க்கத் தொடங்கின. முதலில் மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்ததால், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சிலும் காளைக்கு 'தோரோ' என்பதால் பெயர் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

இவள் இரண்டு நாள் பேசவில்லை. பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். "வந்த உயிரைப் பட்டினி போட்டுப் புண்ணியம் தேடற வழக்கம் எங்க வீட்ல இல்லீங்க" என்றாள். பிறகு நிபந்தனைகள் வந்தன. கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிச் சட்டி. வேக வைப்பது என் பொறுப்பு. பிரதோஷத்தன்று விடிவதற்குள் வேலை முடிய வேண்டும். உப்பு, காரம் இல்லாமல் வேக வைத்து, முள் எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுவேன். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் கீழே கொட்டக் கூடாது. சாப்பிடும் தட்டு நம்மூர்ப் பீங்கான்தான், விளிம்பு கோணிப்போனதால் மலிவாகக் கிடைத்தது.

முத்துவின் கதை வேறு. பக்கத்துத் தெருவில் பொம்மை செய்கிறார்கள். அச்சில் வார்த்து, சூளைக்குப் போகுமுன் காய வைத்த பொம்மைகளைப் போய் நக்க ஆரம்பித்தாள். "சார், உங்க முத்து பிள்ளையார் தும்பிக்கையை நக்கியே கரைச்சிடுச்சு" என்று புகார் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "புள்ளத்தாச்சிங்க மண்ணு தின்னா ரத்தம் இல்லேன்னுதானே சொல்லுவாங்க?" என்றாள். மருத்துவர் ஈறைப் பார்த்தார், வெளுத்திருந்தது. உண்ணிப்பூச்சி ரத்தத்தை உறிஞ்சியிருந்தது. மருந்து போட்டுத் தேறியதும் மண் ஆசை தானாகப் போய்விட்டது. பூனை புதிதாக எதையாவது விரும்பினால் அது நாக்கின் ஆசையா, உடம்பின் முறையீடா என்று பார்க்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு பூனைக்கு ஆகாது, அது ரத்த அணுக்களை அழிக்கும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். பாசத்தில்கூடக் கொடுத்துவிடாதீர்கள். குப்பைமேனிச் செடியைப் பிடுங்கினால் மட்டும் தடுக்க வேண்டாம். வேர் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். அதனால்தான் அதற்குப் பூனைவணங்கி என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள்.

போன மழைக்காலத்தில் எனக்கு நான்கு நாள் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. கொல்லையிலிருந்து மீன் வேகும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ரோஜா காலைச் சுற்றிக்கொண்டிருந்தான். "இருடா, தண்ணியும் ஊத்தணும்" என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.