பக்கிங்காம் கால்வாயை நடந்து பார்க்க வேண்டும்

சென்னைக்கு வருபவர்களை மெரினாவுக்கும் கபாலீசுவரர் கோயிலுக்கும் அழைத்துப் போகிறோம். அவற்றுக்கு அருகிலேயே ஓடும் பக்கிங்காம் கால்வாயை யாரும் காட்டுவதில்லை. சாக்கடையில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் அது ஆறுகளின் முகத்துவாரங்கள் வழியே கடலின் ஓதம் ஏறி இறங்கும்படி வெட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய். எண்ணூரில் கொசஸ்தலை, நகருக்குள் கூவம், அடையாறு, தெற்கே கோவளம் கழிமுகம் என எல்லாவற்றையும் கோத்துச் செல்வது. நகரம் வெள்ளத்தைச் சமாளிக்க வேண்டுமென்றால் இந்தக் கோவை அறுபடக் கூடாது. அது எங்கெங்கே அறுபட்டிருக்கிறது என்பதைக் கரையில் நடப்பவர் தம் கண்ணாலேயே காணலாம்.

1806இல் பாசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது இதன் முதல் பகுதி. பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கே ஆந்திரக் கரை வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களின் உழைப்பில் உருவானது. கால்வாய்க்குக் கிடைத்ததோ அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர். மயிலாப்பூரில் அதன் கரையில் நிற்கும்போது, கூலிக்கு மண் சுமந்த அந்த மக்களையே முதலில் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் பல தலைமுறைகளாக இவ்வழியே வந்தன. பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' எழுதியது இதில் படகில் போன பயணத்தைப் பற்றித்தான்.

சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் நோக்கிப் போனால் பறக்கும் ரயிலின் தூண்கள் கூடவே வருகின்றன. பல இடங்களில் அவை நிற்பது கரையில் அல்ல, கால்வாய்க்குள்ளேயே. முண்டகக்கண்ணியம்மன் கோவில், திருமயிலை, மந்தைவெளி என நிலையங்கள் தண்ணீருக்கு மேலேயே எழுந்திருக்கின்றன. நெரிசலான நகரத்தில் ரயிலுக்கு வேறு எங்கே இடம் இருந்தது என்று கேட்பார்கள். ரயில் தேவைதான், அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் வீடுகளை இடிக்காமல் கிடைத்த நிலம் என்று அன்று எண்ணியது வெறும் நிலமல்ல, நீரின் வழி. படுகையைக் குறுக்கிய பிறகு, மிஞ்சியிருக்கும் அகலத்தையாவது தூர்ந்துபோக விடாமல் காப்பது அரசின் கடமை.

மனிதன் வெட்டியதுதானே, மூடினால் என்ன நட்டம் என்ற வாதமும் உண்டு. வெட்டியது மனிதன்தான். ஆனால் அது போகும் தடம் கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் இயல்பாகவே நீர் தங்கும் தாழ்நிலம். திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே வந்தால் இது தெளிவாகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டருகே கடலைச் சேர வேண்டும். அந்த வழி போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்தில் கண்டது. 2004 ஆழிப்பேரலையின்போது சென்னைக்கு வடக்கே பல இடங்களில் அலைநீரை வாங்கிக்கொண்டு ஊர்கள் மீது விழுந்த அடியைக் குறைத்ததும் இதே கால்வாய்தான்.

கரையோரக் குடிசைகளால்தான் கால்வாய் கெட்டது என்பதை நான் ஏற்கவில்லை. நகரின் கழிவுநீரைக் குழாய் வைத்து இதில் விட்டது குடிசைவாசிகள் அல்லர். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததற்கும் அவர்கள் காரணமல்லர். அவர்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டு நடைபாதையும் புல்வெளியும் அமைத்தால் தண்ணீர் தூய்மையாகிவிடாது. இனி யார் படகில் போகப் போகிறார்கள் என்ற கேள்வியும் உண்டு. 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தும் நகருக்குள் படகு ஓடவில்லை, ஓடாமலே போகலாம். படகு மிதக்கும் ஆழமும் ஓதம் வந்துபோகும் திறப்பும் இருந்தால் வெள்ளமும் வடியும். அதற்குத்தான் ஆழம் கேட்கிறோம்.

ஆகவே முதலில் கழிவுநீர்க் குழாய்களை அடைக்க வேண்டும், மணல் மூடும் முகத்துவாரங்களைத் திறந்து வைக்க வேண்டும். அழகுபடுத்தும் வேலை அதன் பிறகு வரட்டும். உங்கள் பகுதியில் கால்வாய் ஓடினால் ஒரு முறை கரையோரம் நடந்து, எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று குறித்துக்கொண்டு உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.