சூளைச் சுவரில் ஒரு தேன்கூடு

கார்த்திகை அகல் விளக்குகள் வண்டியேறிய பிறகு விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை சற்றுத் தணிந்திருக்கும். நான் போன பட்டறையில் அந்த இடைவெளியில், எரியாமல் கிடந்த பழைய செங்கல் சூளையை இடிக்க முடிவு செய்திருந்தார்கள். புகைபோக்கிக்கு அடியில் கல் பெயர்ந்த பொந்துக்குள் அடுக்குத் தேனீக்கள் குடியிருந்தன. தீப்பந்தம் காட்டிவிடலாம் என்ற பேச்சைத் தடுத்தவர், அச்சுகளில் களிக்குழம்பு ஊற்றும் ஒரு அம்மா. அவர் சொல்லித்தான் முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து தேனீ வளர்க்கும் பெரியவர் வந்திருந்தார்.

வந்தவர் உடனே கைவைக்கவில்லை. "பனி விலகட்டும் சார். இப்பத் தொட்டா புழுவெல்லாம் வெறச்சுப் போயிடும்" என்றார். மார்கழி விடியலில் இங்கே வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கும்; புழு அடைக்கோ 33 முதல் 35 டிகிரி வரை வேண்டும். அந்தச் சூட்டைத் தேனீக்கள் நெருங்கி மொய்த்துத் தங்கள் உடம்பால் காக்கின்றன. கூட்டைப் பிரித்ததும் அந்தக் காவல் கலைந்துவிடும்.

வெயில் ஏறியதும் தேங்காய் நாரில் லேசாகப் புகை காட்டினார். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, மேல்பக்கம் கீழாகிவிடாமல் மரச்சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டினார். சில நாளில் தேனீக்களே மெழுகு வைத்து அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிடுமாம். பெட்டி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் அளவுக்கு வடிவமைத்த அதே பெட்டி. ராணி உள்ளே போனதும், அது வெளியேற முடியாதபடி வாசலில் தடுப்பு வைத்தார். மற்றவை தாமாகவே உள்ளே போகத் தொடங்கின. அந்த அரைமணி நேரம் பட்டறையில் யாரும் வேலை பார்க்கவில்லை.

"கொஞ்சம் தேன் குடுங்கண்ணே" என்று கேட்டான் ஒரு பையன்.

"இது அதுங்க சாப்பாடு தம்பி."

உள்ளங்கை அகலம்தான் இருந்தது தேன். ஐப்பசி, கார்த்திகை மழை தேனீக்களை வெளியே விடுவதில்லை. முந்திரி பூக்கத் தை பிறக்க வேண்டும். அதுவரை சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றுவேன் என்றார். 1991-92இல் பரவிய 'தாய் சாக் புரூட்' என்ற தேனீ நோய் வைரஸ் தென்னிந்தியாவில் இந்த அடுக்குத் தேனீ இனத்தைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. தப்பிய கூட்டங்களிலிருந்துதான் தேனீ வளர்ப்பு மீண்டது. பொந்தில் தானாக வாழும் ஒரு கூட்டம் எவ்வளவு பெரிய சொத்து என்பது அவருக்குத் தெரியும்.

வெளியே போன தேனீக்கள் திரும்பும்வரை பெட்டி அங்கேயே இருந்தது. இருட்டியதும் வாசலை அடைத்து, சில மைல் தள்ளியிருந்த முந்திரித் தோப்புக்குக் கொண்டுபோனார். பக்கத்திலேயே வைத்தால் மறுநாள் பழைய பொந்தைத் தேடி வந்துவிடும். எறும்பு ஏறாதிருக்கப் பெட்டிக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்க, விளிம்பு உடைந்த பீங்கான் கிண்ணங்களைப் பட்டறைக்காரர்களே கொடுத்தனுப்பினார்கள்.

உங்கள் சுவரிலோ மரத்திலோ மார்கழியில் இப்படி ஒரு கூடு கண்டால், தொந்தரவில்லையென்றால் தை முடியும்வரை விட்டுவையுங்கள். அகற்றியே தீர வேண்டுமென்றால், தீப்பெட்டியை எடுக்காமல் தேனீ வளர்ப்பவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.