பொன்தோசுவாவில் மணல் பூசிய கம்பிகள்

இந்தோனேசியாவின் மக்காசார் துறையிலிருந்து விசைப்படகில் வந்து பொன்தோசுவா தீவில் இறங்கியதும் கண்ணில் பட்டவை, வெயிலில் அடுக்கியிருந்த அறுகோணக் கம்பிச் சட்டங்கள். இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, பிசின் பூசி, மேலே மணலை ஒட்டவைக்கிறார்கள். பெயர் 'ரீஃப் ஸ்டார்'. கரையோரம் தீவுக்காரர்கள் அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், சட்டத்துக்கு 15 துண்டு வீதம். கை அத்தனை வேகமாக ஓடியும் ஒரு கிளைகூட முறியவில்லை.

முகமூடி மாட்டிக்கொண்டு முதலில் இறங்கியது, இன்னும் சட்டம் வைக்காத இடத்தில். சாம்பல் நிறத்தில் உடைந்த பவளச் சில்லுகள், கண்ணுக்கெட்டிய மட்டும். 30, 40 ஆண்டுகளுக்கு முன் வெடி போட்டு மீன் பிடித்ததன் மிச்சம். இவ்வளவு காலமாகியும் ஏன் தானாகத் தேறவில்லை? ஒரு சில்லைத் தொட்டேன், உருண்டது. விடை அதுதான். பவளக் குஞ்சு வந்து ஒட்டினாலும் நீரோட்டத்தில் சில்லு புரண்டு அதை அடியில் போட்டு அரைத்துவிடும். சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்துத் தரையில் ஊன்றினால் அந்தப் புரளல் அடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நட்ட இடத்துக்குப் போனபோது கம்பி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கூடவே ஒரு சத்தம், எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல. சொடுக்கு இறால்கள். சீரமைத்த பவளப் பாரின் ஒலி நல்ல பாரின் ஒலியை நெருங்கிவிட்டதை ஆய்வாளர்கள் நீரடி ஒலிவாங்கி வைத்துப் பதிந்து, 2021இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சீரமைப்பின் செலவு மார்ஸ் சாக்லேட் நிறுவனத்துடையது. பணம் கொடுப்பதைவிட, ஆய்வாளர்களை உள்ளே விட்டு அளக்க வைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் இனெஸ் லாங்கே குழு 2024இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் எழுதியது: நட்ட நான்கே ஆண்டில் இந்தப் பவளத் திட்டுகள் நல்ல பாரின் வேகத்தில் சுண்ணம் சேர்க்கின்றன. அதே ஆய்வு குறையையும் மறைக்கவில்லை. நடப்படுபவை பெரும்பாலும் கிளைப் பவளங்கள். கடல் சூடேறினால் முதலில் வெளுப்பவையும் அவைதாம்.

கரையேறியதும் கட்டுவதற்கு வைத்திருந்த கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே மான்கொம்பு போன்ற கிளைகள். வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடிய குண்டுப் பவளம் ஒன்றாவது இருக்குமா என்று துழாவினேன். இல்லை.